நாற்பத்தைந்தாம் எண் பூட்ஸ்

விண்ணப்பத்தில் கேட்டிருந்தார்கள்:
வீட்டின் பரப்பளவு?
பதினொரு சதுர மீட்டர் என்று எழுதினேன்.
தோட்டம் உண்டா?
உண்டு. போர்த்துகல் எல்லையில் தொடங்கி
டீசல் தீரும் இடம் வரை.

எவெலியோ சிரிக்கவில்லை.
வேட்டைப் பருவம் முடிந்த பிப்ரவரி.
காப்பகத்தில் அன்று அறுபத்து மூன்று நாய்கள்.
அவன் தூங்கி இரண்டு நாளாகியிருந்தது.
"துணைக்கா சென்யோரா கசில்தா, காவலுக்கா?"
காவலுக்கு என்றேன்.

புர்கோஸ் நகரில் ஏழாம் எண் பேருந்தை
முப்பத்தோரு வருஷம் ஓட்டியவள்,
கால்கட்டே வேண்டாமென்று இருந்தவள்,
ஓய்வுப் பணத்தில் வாங்கிய வீட்டுவண்டியில்
பொழுது சாய்ந்தால் மட்டும்
ஒரு கணவனைத் தயாரிக்க வேண்டியிருந்தது.
கதவுக்கு வெளியே
நாற்பத்தைந்தாம் எண் பூட்ஸ் ஒரு ஜோடி,
சேறு பூசி, நாடா அவிழ்த்து,
இப்போதுதான் ஒருவன் கழற்றிப் போட்ட மாதிரி.
பழைய சாமான் சந்தையில்
ஆறு யூரோவுக்கு வாங்கிய மாப்பிள்ளை.

"காவலுக்கு இது ஆகாது" என்று
அவன் காட்டிய கூண்டில்
சுவரோடு சுவராக ஒரு வேட்டைநாய்.
விலா எலும்பை எண்ணலாம். எண்ணினேன்.
கழுத்தில் ஒரு தழும்பு,
பதிவுச் சில்லை யாரோ கத்தியால்
தோண்டி எடுத்த இடம்.
முயல் பிடிக்க மூன்று பருவம்,
பிறகு யாருடையதும் இல்லை.
கற்பலகை நிறம். அதனால் பிஸார்ரா என்று பெயர்.
பெயர் அதற்குத் தெரியாது.

பேனா எழுதவில்லை, மூன்று முறை உதறினேன்.
அதற்குள் மனம் மாறியிருக்கலாம்.

பகலில் தூக்கித்தான் ஏற்றுவேன்,
இருபத்து மூன்று கிலோ நடுக்கம்.
எஞ்சின் நின்றதும் இறங்கிவிடும்.
பிறகு படியில் முன்னங்கால் இரண்டு,
தரையில் பின்னங்கால் இரண்டு.
"படியில நிக்காதீங்க, உள்ளே போங்க" என்று
முப்பத்தோரு வருஷம் கத்திய தொண்டை இது.
கெஞ்சினேன். கோழி ஈரல் காட்டினேன்.
காட்டியதைத் தின்றது.
கயிற்றை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு
நானும் படியிலேயே உட்கார்ந்தேன்.
மழை வந்தது. இருவருக்கும் பாதிப் பாதி.

மூன்றாம் இரவுதான் கவனித்தேன்,
அது பார்த்துக்கொண்டிருப்பது என்னை அல்ல,
என் மாப்பிள்ளையை.
உள்ளே வர பூட்ஸைத் தாண்டவேண்டும்.
எனக்கு அவன் வாய் திறக்காத நல்ல மனுஷன்.
அதற்கு, எந்த நிமிஷமும்
காலோடு எழுந்துவிடக்கூடியவன்.

அன்று பக்கத்தில் இரண்டு லாரிகள் நின்றன.
ஒன்றில் பாட்டு, குடி.
பூட்ஸை எடுக்க எனக்கும் தைரியமில்லை.
விடிந்ததும் துருஹியோவில்
பழந்துணி போடும் தொட்டியில் தள்ளினேன்.
ஒன்று விழும் சத்தம்.
கொஞ்சம் நேரம் கழித்து இன்னொன்று.
வக்கீல் செலவு மிச்சம்.

அன்றே ஏறினாள் என்று சொல்ல ஆசைதான்.
ஒன்பது நாள் ஆயிற்று.
பத்தாம் நாள் நான் வெங்காயம் நறுக்கும்போது
பின்னால் நகங்கள் கீறும் ஓசை.
திரும்பவில்லை.
ஒரு வெங்காயத்துக்கு மூன்று நறுக்கினேன்.

கலீசியாவில், கடற்காற்று வண்டியை ஆட்டும் இரவில்,
ஒன்றரை மணிக்குக் கதவு தட்டினார்கள்.
சீருடை. முகத்தில் டார்ச்.
"தனியாகவா?"
கணவர் தூங்குகிறார் என்பது
நாக்கின் நுனியில் தயாராக நின்றது.
என் முழங்காலுக்குப் பின்னால்
குரைக்காத ஒரு மூச்சு.
"இல்லை, இரண்டு பேர்."
அவன் வெளிச்சத்தைக் கீழே இறக்கி
அவளைப் பார்த்தான். பார்த்து, அணைத்தான்.
"அலை ஏறும் இடம். காலையில் மாற்றிவிடுங்கள்."

கதவைச் சாத்தித் திரும்பினால்
என் படுக்கையில், என் தலையணையில்,
நான்கு கால்களும் கூரையைப் பார்க்க
பயணி நீட்டிப் படுத்தாயிற்று.
எழுப்ப மனமில்லை.

கதவைத் திரும்பத் திறந்து
படியில் உட்கார்ந்தேன்.
உள்ளே போகச் சொல்லி
யாரும் அதட்டவில்லை.